ரொட்டிக்கு ஒரு வண்டி, கேக்குக்கு ஒரு வண்டி: ஹோஸ்டஸ் விழுந்த கதை

ஒரே கம்பெனியின் சரக்கு, ஒரே கடைக்குப் போகிறது. ஆனால் அதைக் கொண்டுபோக இரண்டு லாரிகள் வரும். ஒன்றில் ரொட்டி, இன்னொன்றில் கேக். வண்டி ஓட்டுகிறவர் சரக்கு ஏற்றக் கூடாது. ரொட்டி ஏற்றுகிற ஆள் கேக் பெட்டியைத் தொடக் கூடாது. எல்லா ஊரிலும் இப்படி இல்லை என்றாலும், பல ஊர்களில் தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்திலேயே இது இருந்தது.

2012 நவம்பரில் அமெரிக்காவின் ரொட்டி, கேக் கம்பெனியான ஹோஸ்டஸ் பிராண்ட்ஸ் கடையை மூடியபோது இந்த இரண்டு லாரிக் கதை ஊரெல்லாம் சுற்றியது. யூனியன் செய்த அடாவடியில் கம்பெனி போயிற்று என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா என்றார்கள் ஒரு தரப்பினர். எதிர்த் தரப்பிடமும் ஒரு கதை இருந்தது. அந்த வருஷம் ஜனவரியில் திவால் மனு போடுவதற்குச் சில மாதம் முன்பு, தலைமை அதிகாரியின் சம்பளத்தை ஆண்டுக்கு ஏழரை லட்சம் டாலர் அளவிலிருந்து 25 லட்சத்துக்கு மேல் ஏற்ற இயக்குநர் குழு ஒப்புதல் தந்திருந்தது. அடுப்படியில் நிற்பவனிடம் சம்பளத்தைக் குறைத்துக்கொள் என்று கேட்ட அதே கம்பெனிதான் இது.

இரண்டும் நடந்தவைதான். ஆனால் இரண்டையும் சேர்த்து வைத்தாலும் கணக்கு நேராகவில்லை. 18,500 பேர் வேலை பார்த்த, ஆண்டுக்குச் சுமார் 250 கோடி டாலருக்கு விற்ற ஒரு கம்பெனி, ரெண்டு லாரியாலோ ஒருவர் சம்பளத்தாலோ விழாது. அதுவும், அதன் முக்கியச் சரக்கை ஜனங்கள் இன்னமும் விரும்பி வாங்கிக்கொண்டிருக்கும்போது.

அந்தச் சரக்கின் பெயர் ட்விங்கி. விரல் நீளத்தைவிடக் கொஞ்சம் பெரிய மஞ்சள் கேக், உள்ளே வெள்ளை க்ரீம், மேலே பிளாஸ்டிக் உறை. 1930இல் இல்லினாய் மாநிலத்தில் கான்டினென்டல் பேக்கிங் கம்பெனியில் வேலை பார்த்த ஜேம்ஸ் டூவர் கண்டுபிடித்தது. ஸ்ட்ராபெர்ரி வைத்துச் செய்யும் கேக்குக்கான அச்சுகள் அந்தப் பழம் கிடைக்காத மாதங்களில் சும்மா கிடந்தன. அவற்றில் வேறு ஏதாவது சுடலாமே என்று யோசித்து, உள்ளே வாழைப்பழ க்ரீமை வைத்தார். செயின்ட் லூயிஸ் நகரில் பார்த்த ஒரு ஷூ விளம்பரப் பலகையில் 'ட்விங்கிள் டோ' என்று இருந்ததாம், அதிலிருந்து பெயர். இரண்டு கேக் ஐந்து சென்ட். இரண்டாம் உலகப்போரில் வாழைப்பழத்துக்குத் தட்டுப்பாடு வந்ததும் வனிலாவுக்கு மாறினார்கள், அப்புறம் அதுவே நிலைத்துவிட்டது.

ட்விங்கி கெட்டுப்போகவே போகாது, அணுகுண்டு விழுந்தாலும் கரப்பானோடு அதுவும் மிஞ்சும் என்று அமெரிக்காவில் ஒரு பழைய கிண்டல் உண்டு. உண்மையில் அதன் ஆயுள் அப்போது 26 நாள். இந்த 26ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

கம்பெனி பல கை மாறியது. டூவர் வேலை பார்த்த கான்டினென்டலை 1968இல் ஐ.டி.டி. என்ற டெலிபோன் வியாபாரத்தில் வளர்ந்த குழுமம் வாங்கியது. 1984இல் ரால்ஸ்டன் ப்யூரினா வாங்கியது. நாய், பூனைத் தீவனத்துக்குப் பேர்போன நிறுவனம். 1995இல் கான்சஸ் சிட்டியைச் சேர்ந்த இன்டர்ஸ்டேட் பேக்கரிஸ் அதை வாங்கி, அமெரிக்காவின் ஆகப் பெரிய ரொட்டிக் கம்பெனியானது. ட்விங்கியோடு சேர்ந்து வந்த இன்னொரு பெரிய பெயர் வொண்டர் பிரெட். நறுக்கிய ரொட்டியை அமெரிக்கா முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்த பெயர்களில் முக்கியமானது.

கேக் என்றதும் எல்லோருக்கும் ட்விங்கிதான் ஞாபகம் வரும், ஆனால் இந்தக் கம்பெனியின் உடம்பில் பெரும்பகுதி ரொட்டிதான். ரொட்டி மிகவும் கஷ்டமான வியாபாரம். விலையை ஏற்றினால் பக்கத்துப் பாக்கெட்டுக்குப் போய்விடுவார்கள். சூப்பர் மார்க்கெட்டுகள் தங்கள் சொந்தப் பெயரிலேயே மலிவு ரொட்டி விற்கும். 2000க்குப் பிறகு வெள்ளை ரொட்டி உடம்புக்கு ஆகாது என்ற பேச்சு பலமானது. மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்லும் அட்கின்ஸ் டயட் 2003, 2004 வாக்கில் தீயாகப் பரவியது. முழுக்கோதுமை ரொட்டிக்கு மாறியவர்கள் திரும்பி வரவில்லை. போட்டிக் கம்பெனிகள் அந்தப் பக்கம் போனபோது இன்டர்ஸ்டேட் பின்தங்கியது. பழைய ஆலைகள், பழைய இயந்திரங்கள், ஒன்றோடொன்று பொருந்தாத கணக்கு முறைகள் என்று உள்ளேயும் நிலைமை சரியில்லை. 2004 செப்டம்பர் 22 அன்று திவால் மனுவோடு நீதிமன்றத்துக்குப் போனது.

நம்மூரில் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான் என்றால் ஆள் அவ்வளவுதான், கடன்காரர்கள் துண்டை உதறிக்கொண்டு போக வேண்டியதுதான் என்று அர்த்தம். அமெரிக்கத் திவால் சட்டத்தின் 11ஆம் அத்தியாயம் வேறு மாதிரி. கடன்காரர்கள் வசூலை நிறுத்தி வைக்க வேண்டும். கம்பெனி வழக்கம்போல ஓடும். அதற்குள் யாருக்கு எவ்வளவு கொடுப்பது, எதை விற்பது, எந்த ஒப்பந்தத்தை மாற்றுவது என்று நீதிபதி முன்னால் பேசி முடிக்க வேண்டும். தொழிற்சங்க ஒப்பந்தத்தைக்கூட, பேசிப் பார்த்தும் சரிவரவில்லை என்று காட்டினால், நீதிபதியின் அனுமதியோடு மாற்றலாம். மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு திண்ணை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் திண்ணையில் இந்தக் கம்பெனி நாலு வருஷத்துக்கும் மேலாக உட்கார்ந்திருந்தது. 2009 பிப்ரவரியில் எழுந்து வந்தபோது ஆலைகள் பல மூடப்பட்டிருந்தன, ஆயிரக்கணக்கானோர் வேலை போயிருந்தது, மிச்சமிருந்த தொழிலாளர்கள் ஆண்டுக்குச் சுமார் 11 கோடி டாலர் மதிப்புள்ள சலுகைகளை விட்டுக்கொடுத்திருந்தார்கள். ரிப்பிள்வுட் ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் 13 கோடி டாலர் போட்டு உரிமையாளரானது. சில்வர் பாயின்ட், மோனார்க் என்ற இரண்டு நிதி நிறுவனங்கள்தான் கம்பெனிக்கு முக்கியமாகக் கடன் கொடுத்தவை. அதே வருஷம் கம்பெனிக்கு ஹோஸ்டஸ் பிராண்ட்ஸ் என்று புதுப் பெயர் வைத்தார்கள், தலைமையகத்தை டெக்சாஸுக்கு மாற்றினார்கள்.

இங்கேதான் எனக்குக் கதையின் முதல் முடிச்சு தெரிகிறது. கடனைத் தீர்க்க நீதிமன்றத்துக்குப் போன கம்பெனி, வெளியே வரும்போது கிட்டத்தட்ட 67 கோடி டாலர் கடனோடு வந்தது. உள்ளே போகும்போது இருந்ததைவிட அதிகம். விற்பனை குறைந்துகொண்டே போகும் ஒரு ரொட்டிக் கம்பெனி, பழைய அடுப்புகளை மாற்ற வேண்டிய காசை வட்டியாகக் கட்டிக்கொண்டிருந்தால் எத்தனை நாள் தாங்கும்? அதுவும் 2009இல், அமெரிக்கப் பொருளாதாரம் படுத்துக் கிடந்த நேரத்தில். இரண்டே வருஷத்தில், 2011இல், ஆண்டு நஷ்டம் 34 கோடி டாலரைத் தொட்டது. 2012 ஜனவரி 11 அன்று மறுபடியும் அதே 11ஆம் அத்தியாயம்.

இரண்டாம் முறை தாக்கல் செய்த காகிதங்களில், ஈடு எதுவும் இல்லாமல் கம்பெனி பாக்கி வைத்திருந்தவர்களின் பட்டியலில் முதல் பெயர் வங்கி இல்லை, மாவு மில் இல்லை. பேக்கரித் தொழிலாளர்களின் ஓய்வூதிய நிதி. தொகை 94 கோடி டாலருக்கு மேல்.

இது எப்படி என்று கொஞ்சம் விளக்க வேண்டும். அமெரிக்காவில் ரொட்டி, லாரி, கட்டுமானம் போன்ற தொழில்களில் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி ஓய்வூதியம் என்று இல்லாமல், பல கம்பெனிகள் சேர்ந்து ஒரே நிதியில் பணம் கட்டும் முறை உண்டு. ஏலச்சீட்டு மாதிரி நினைத்துக்கொள்ளலாம். இருபது பேர் சேர்ந்த சீட்டில் எல்லோரும் ஒழுங்காகக் கட்டும்வரை யாருக்கும் தொல்லை இல்லை. பத்துப் பேர் காணாமல் போனால்? அவர்கள் கட்ட வேண்டியது மிச்சமுள்ள பத்துப் பேர் தலையில் விழும். சின்னச் சின்ன பேக்கரிகள் ஒவ்வொன்றாக மூடியபோது, அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கான பாரமும் இன்னும் ஓடிக்கொண்டிருந்த கம்பெனிகள் மேல் ஏறியது. ஹோஸ்டஸ் இப்படி நாற்பது ஓய்வூதிய நிதிகளில் பணம் கட்டிக்கொண்டிருந்தது. தன்னிடம் ஒருநாள்கூட வேலை பார்க்காதவர்களுக்கும் சேர்த்துத்தான். சரி, விலகிவிடலாமே என்றால் அதற்கும் வழி சுலபமில்லை. விலகும் கம்பெனி பற்றாக்குறையில் தன் பங்கை எடுத்து வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது சட்டம்.

2011 கோடையில் ஹோஸ்டஸ் இந்த நிதிகளுக்குப் பணம் கட்டுவதை நிறுத்திவிட்டது. தொழிலாளர்களுக்கு மனசு முழுக்கக் கசந்துபோனது இந்த இடத்தில்தான். ஏனென்றால் அந்தப் பணத்தில் ஒரு பகுதி அவர்கள் கைக்கு வந்திருக்க வேண்டிய சம்பளம். ஊதிய உயர்வு வேண்டாம், அதை ஓய்வூதியத்தில் போடுங்கள் என்று பேச்சுவார்த்தையில் ஒப்புக்கொண்ட காசு. அது கம்பெனியின் அன்றாடச் செலவுக்குப் போயிற்று என்பது திவாலுக்குப் பிறகு பத்திரிகைகளில் வந்தது. என் பார்வையில், பின்னால் நடந்த வேலைநிறுத்தத்தைப் புரிந்துகொள்ள அந்த இரண்டு லாரியைவிட இது முக்கியம். சம்பளக் குறைப்பை ஒருமுறை தாங்கிக்கொண்டவர்கள், கம்பெனி சொல்லும் எந்தக் கணக்கையும் இனி நம்ப வேண்டாம் என்று முடிவெடுத்தது அங்கேதான்.

லாரிக்கு வருவோம், அதை நான் ஒதுக்கிவிடவில்லை. நம்மூர் லைன் வண்டி தெரியும் அல்லவா? பன், பிஸ்கட், முறுக்கு ஏற்றிக்கொண்டு கடை கடையாக நிறுத்தி, சரக்கை இறக்கி, விற்காததைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகும் வண்டி. ஹோஸ்டஸிடம் இப்படி 5,500 லைன் இருந்தது. நாடு முழுக்க 565 டிப்போக்கள். திரும்பி வந்த சரக்கையும் தேதி நெருங்கிய சரக்கையும் மலிவாக விற்க 570 சொந்தக் கடைகள். ரொட்டிக்கு இந்த ஏற்பாடு தேவை. அது சில நாளில் காய்ந்துவிடும், அடிக்கடி மாற்ற வேண்டும். ஆனால் கேக்குக்கு? 26 நாள் தாங்கும் பொருளைக் கடை கடையாகத் தூக்கிக்கொண்டு அலைவதற்கு ஒரே நியாயம், ரொட்டி வண்டி எப்படியும் அந்தப் பக்கம் போகிறது, கூடவே ஏறிக்கொள்ளட்டும் என்பதுதான். கூடவே ஏற முடியாத ஊர்களில் அந்த நியாயமும் போய்விட்டது. ஆக இரண்டு லாரி விஷயம் வெறும் வேடிக்கையான விதி இல்லை, லாபம் தரக்கூடிய கேக்கின் மேல் ஒவ்வொரு நாளும் விழுந்த வாடகை. அதே சமயம், சங்கங்களோடு போட்ட 372 ஒப்பந்தங்களில் ஒவ்வொன்றிலும் நிர்வாகமும்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறது. ஊர் ஊராகக் கம்பெனிகளை வாங்கிச் சேர்த்தபோது அந்தந்த ஊர் ஒப்பந்தங்களையும் அப்படியே சுமந்துகொண்டு வந்தது யார் குற்றம் என்று நீங்களே சொல்லுங்கள்.

2012இல் என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சம்பளம் உயர்ந்த தலைமை அதிகாரி பிரையன் டிரிஸ்கல் மார்ச்சில் விலகினார். கம்பெனிகளைத் தூக்கி நிறுத்துவதையே தொழிலாகக் கொண்ட கிரெகரி ரேபர்ன் வந்தார். அவர் வைத்த கடைசி ஒப்பந்தம்: முதல் வருஷம் 8 சதவீதம் சம்பளக் குறைப்பு, மருத்துவப் பலன்களில் வெட்டு, ஓய்வூதியப் பங்களிப்பில் பெரிய வெட்டு. பதிலுக்குக் கம்பெனியில் 25 சதவீதப் பங்கு, இயக்குநர் குழுவில் இரண்டு இடம். லாரி ஓட்டுநர்களின் டீம்ஸ்டர்ஸ் சங்கம் கணக்குகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லை என்று மயிரிழையில் ஒப்புக்கொண்டது. பேக்கரித் தொழிலாளர் சங்கத்தில் 92 சதவீதம் பேர் மறுத்தார்கள். நீதிபதி ராபர்ட் டிரெய்ன் அனுமதியோடு கம்பெனி அதை அவர்கள் மேல் திணித்தது. நவம்பர் 9 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது.

மூன்று நாளில் சியாட்டில், செயின்ட் லூயிஸ், சின்சினாட்டி ஆலைகளை மூடுவதாகக் கம்பெனி அறிவித்தது. வியாழக்கிழமை மாலை 5 மணிக்குள் வேலைக்குத் திரும்பாவிட்டால் மொத்தமாகக் கலைத்துவிடுவோம் என்று கெடு வைத்தது. இந்த இடத்தில் ஒரு விசித்திரம். தொடர வேண்டுமா வேண்டாமா என்று ரகசிய வாக்கெடுப்பு நடத்துங்கள் என பேக்கரிச் சங்கத்தைப் பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டது டீம்ஸ்டர்ஸ் சங்கம். ஒரே கம்பெனியின் இரண்டு சங்கங்கள், ஒரே கணக்கைப் பார்த்து இரண்டு முடிவுக்கு வந்திருந்தன. மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றலாம் என்றது ஒன்று. இந்த முதலாளிகள் கையில் எப்படியும் இது பிழைக்காது, வேறு யாராவது வாங்கட்டும் என்றது மற்றது. கெடு முடிந்தது. நவம்பர் 16 அன்று கம்பெனியைக் கலைக்க அனுமதி கேட்டார்கள். ஒரு நாளாவது உட்கார்ந்து பேசிப் பாருங்கள் என்றார் நீதிபதி. பேசினார்கள், உடன்பாடு வரவில்லை. 21ஆம் தேதி அனுமதி கிடைத்தது. அந்த வாரம் முழுக்க ஜனங்கள் கடைகளில் ட்விங்கியை அள்ளிக்கொண்டு போனார்கள், சிலர் ஈபேயில் பல மடங்கு விலை சொன்னார்கள். கலைப்பு வேலையைப் பார்க்க இருந்த 19 அதிகாரிகளுக்கு 17.5 லட்சம் டாலர்வரை ஊக்கத்தொகை தரவும் நீதிமன்றம் சம்மதித்தது. அது சட்டப்படி சரியாக இருக்கலாம். பேக்கரி வாசலில் நின்றவர்களிடம் அதை யார் போய் விளக்குவது?

பிறகு ஏலம். பிளவர்ஸ் ஃபுட்ஸ் என்ற போட்டிக் கம்பெனி வொண்டர் உட்பட ரொட்டிப் பெயர்களையும் இருபது ஆலைகளையும் 36 கோடி டாலருக்கு வாங்கியது. அப்போலோ முதலீட்டு நிறுவனமும் டீன் மெட்ரோபுலஸ் என்பவரும் சேர்ந்து, ட்விங்கி உள்ளிட்ட கேக் பெயர்களையும் ஐந்து ஆலைகளையும் 41 கோடிக்கு வாங்கினார்கள். இரண்டு தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரொட்டிச் சாம்ராஜ்யத்தின் பெரும்பகுதியைவிட அந்த மஞ்சள் கேக்குக்கு விலை அதிகம். வாங்கியவர்கள் எடுத்துக்கொண்டது பெயர், செய்முறை, சில கட்டடங்கள். 372 ஒப்பந்தங்களும் நாற்பது ஓய்வூதிய நிதிகளுக்கான பொறுப்பும் பழைய கம்பெனியின் பிணத்தோடு போயின. சொத்தைத் தனியாகப் பிரித்து விற்றால் கடன் ஒட்டிக்கொள்ளாது என்பதுதான் திவால் விற்பனையின் முக்கியமான வசதி.

2013 ஜூலை 15 அன்று ட்விங்கி திரும்பி வந்தது. இப்போது அந்த 26 நாள். புதிய கம்பெனி கலவையில் கைவைத்து ஆயுளை முதலில் 45 நாளாக்கியது, பிறகு 65 ஆக்கியது. கேட்பதற்குச் சமையலறைச் சமாசாரம்போல இருக்கும். ஆனால் கேக் இரண்டு மாதம் தாங்கும் என்றால் லைன் வண்டியே வேண்டாம். ஆலையிலிருந்து வால்மார்ட் மாதிரி பெரிய வியாபாரிகளின் கிடங்குக்கு மொத்தமாக அனுப்பிவிடலாம், கடைக்குக் கொண்டுபோவது அவர்கள் பாடு. 5,500 லைன், 565 டிப்போ, அவற்றை ஓட்டிய ஆட்கள், ரொட்டிக்கு ஒன்று கேக்குக்கு ஒன்று என்ற விதி, எல்லாம் ஒரே அடியில் தேவையில்லாமல் போயின. இதைப் பழைய கம்பெனியே செய்திருக்கலாமே என்று கேட்கலாம். செய்ய முடியாதபடி அதன் கைகால்களைக் கட்டியிருந்தவற்றில் சங்க ஒப்பந்தமும் உண்டு, வட்டியும் உண்டு, கேக்கை விட்டுப் பிரிய முடியாத ரொட்டியும் உண்டு.

கான்சஸ் மாநிலத்தின் எம்போரியா ஆலையில் சுமார் 2 கோடி டாலர் செலவில் தானியங்கி அடுப்புகளும் ரோபோ கைகளும் வந்தன. ஏறக்குறைய 500 பேர் அங்கே நாளொன்றுக்குப் பத்து லட்சம் ட்விங்கி செய்தார்கள். முன்பு அதற்கு 14 ஆலைகளும் 9,000 பேரும் தேவைப்பட்டிருந்தார்கள். 2016இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது கம்பெனியின் மதிப்பு சுமார் 230 கோடி டாலர். ஜாம், காபி விற்கும் ஸ்மக்கர் 2023இல் அதைக் கடனோடு சேர்த்து 560 கோடி டாலருக்கு வாங்கியது. ஸ்மக்கரிடம் நாய் பிஸ்கட்டும் உண்டு; ரால்ஸ்டன் ப்யூரினா காலத்துக்கே திரும்பிவிட்டது ட்விங்கி.

ஓய்வூதியக் கணக்கு வேறு பக்கம் நகர்ந்தது. பல கம்பெனிகள் சேர்ந்து நடத்திய இத்தகைய நிதிகள் ஒவ்வொன்றாக ஆட்டம் கண்டதால், 2021இல் அமெரிக்க அரசு சட்டம் போட்டு வரிப்பணத்திலிருந்து கைகொடுத்தது. 2022 டிசம்பரில் டீம்ஸ்டர்களின் சென்ட்ரல் ஸ்டேட்ஸ் நிதிக்கு மட்டும் கிட்டத்தட்ட 3,600 கோடி டாலர் போயிற்று.

ஸ்மக்கருக்கும் 560 கோடி கசந்தது. வாங்கியபோது நினைத்த அளவுக்குக் கேக் விற்கவில்லை. அதன் மதிப்பில் பெருந்தொகையை ஒரே நிதியாண்டில் இரண்டு முறை கணக்கிலிருந்து அடித்துவிட்டு, இண்டியானாபொலிஸ் ஆலையை மூடப்போவதாக 2025இல் அறிவித்தார்கள். வொண்டர் பிரெட் 1921இல் முதன்முதலாகச் சுடப்பட்ட ஊர் அது.